உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?

சுஜாதா ஆண். புஷ்பா தங்கதுரை ஆண். ‘மர்ம தேசம்’ எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனும் ஆண். சுபா ஒருவரே அல்ல; சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு ஆண்கள். கொலையும் மர்மமும் எழுதித் தமிழில் புகழ்பெற்ற பெண் பெயர்களைத் தேடிப் போனால், கதவைத் திறப்பது பெரும்பாலும் மீசைதான்.

காரணங்கள் சொல்வார்கள். ரா.கி. ரங்கராஜன் குமுதத்தில் ஏற்கெனவே இருந்ததால் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். சுபா என்பது இருவர் பெயர்களின் முதலெழுத்து. சரி, இருக்கட்டும். எனக்குச் செரிக்காதது வேணுகோபாலன் விஷயம். அரங்கனைப் பற்றிய ‘திருவரங்கன் உலா’வுக்கு அவர் ஸ்ரீவேணுகோபாலன். சிவப்பு விளக்குப் பகுதிக்குள் போகும் ‘என் பெயர் கமலா’வுக்குப் புஷ்பா தங்கதுரை. பக்திக்குச் சொந்தப் பெயர், சதைக்குப் பெண் பெயர்!

அட்டையில் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் பெண், கதைக்குள் என்ன செய்கிறாள்? தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா மனைவி. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா மனைவி. பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா பரத்தோடு சேர்ந்து துப்பறிகிறாள், புத்திசாலி. ஆனால் வாசகர்களுக்கு நினைவிருப்பது அவள் பனியன் வாசகங்கள். கணேஷுக்கோ வஸந்தே போதும். இந்த வரிசையில் கொலையை யோசித்து, எழுதி, அதில் சம்பாதிக்கும் பெண் ஒருத்தி இல்லை. இதைத்தான் நான் குறை என்கிறேன்.

வெளியே பாருங்கள். அகதா கிறிஸ்டி அரியாட்னி ஆலிவர் என்ற துப்பறியும் கதாசிரியையை உருவாக்கி, 1930களில் தொடங்கி 1972இல் வந்த நாவல் வரைக்கும் திரும்பத் திரும்ப அழைத்து வந்தார். ஆலிவருக்குத் தலைமுடி அடங்காது, சதா ஆப்பிள் கடிப்பார். பின்லாந்துக்காரத் துப்பறிவாளன் ஒருவனைப் படைத்துவிட்டு, பின்லாந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று புலம்புவார். ‘மிஸஸ் மெக்கின்டீஸ் டெட்’ நாவலில் அவர் கதையை நாடகமாக்கும் இளைஞன், அவரைக் கேட்காமலே அவருடைய கதாநாயகனின் வயதைக் குறைக்கிறான். அவள் படைத்ததை அவளுக்கே விளக்குகிறான்! (அவன் கடைசியில் என்ன ஆகிறான் என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் பரம திருப்தி.) ஆலிவர் கோமாளிதானே என்பார்கள். ஆமாம், சிரிக்க வைக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருப்பது ஒரு பெண்ணின் வேலை: கெடு, அலுப்பு, பிடிவாதம், பணம். நம் இந்திராவுக்கும் ரூபலாவுக்கும் அப்படியொரு வேலைநாள் எழுதப்பட்டதா?

டோரதி சேயர்ஸின் ஹாரியட் வேன் இன்னும் கூர்மை. 1930இல் வந்த ‘ஸ்ட்ராங் பாய்சன்’ தொடங்கும்போதே அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். முன்னாள் காதலன் ஆர்சனிக்கால் செத்திருக்கிறான். அவளோ தன் நாவலுக்காகப் பொய்ப் பெயர்களில் விஷம் வாங்கிப் பார்த்தவள். அவளுடைய உழைப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. மணக்காமல் ஒருவனோடு வாழ்ந்தாள் என்பது அதோடு சேர்ந்துகொள்கிறது. ஹாரியட் தொடர்ந்து வந்த அடுத்த நாவல்களில் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. பிரபு வீட்டுப் பிள்ளை திரும்பத் திரும்பக் கல்யாணம் கேட்டும் உடனே தலையாட்டவும் இல்லை.

லண்டன் கதை நமக்கெதற்கு என்பவர்கள் செம்பாக்கத்துக்கு வாருங்கள். எங்கள் தெருவில் கல்லூரி மாணவி ஒருத்தி கதை எழுதினாள். ஏரியில் ஒரு பிணம் மிதக்கிறது. மூழ்கிச் செத்ததா, செத்தபின் வீசப்பட்டதா என்பதுதான் முடிச்சு. அதற்காகப் பிரேதப் பரிசோதனை பற்றிப் படித்திருக்கிறாள். கதை நன்றாயிருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. “உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?” என்றார்கள். மாமா அவள் போனை வாங்கி என்னென்ன தேடியிருக்கிறாள் என்று பார்த்தார். அவள் அண்ணன் இரவெல்லாம் கொலைத் தொடர் பார்க்கிறான். அவன் போன் அவன் கையில்தான் இருக்கிறது.

நமக்கு இது புதிதுமல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆறு வயது முடியுமுன் கல்யாணம். சரளமாக எழுத வராத காலத்தில் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுத வைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தினார், துப்பறியும் கதை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், கள்ளுக்கடை மறியலில் சிறைக்கும் போனார். திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து பத்திரிகை நடத்திக்கொண்டே மர்மத்தை முடிச்சுப் போட்டு அவிழ்த்த அந்த அம்மாளைப் போல் ஒரு கதாபாத்திரம் போதாதா, நூறு மாத நாவலுக்கு? ஆனால் அவருக்குப் பின் பெண்களுக்கென்று பத்திரிகைகள் பெரும்பாலும் ஒதுக்கியது குடும்ப நாவல். அங்கே பெண் எத்தனை பேர் மனதைக் கொன்றாலும் யாரும் போனைப் பிடுங்க மாட்டார்கள்.

ஆகவே எழுதுகிற தோழிகளே, அவளை நாமே படைப்போம். வயது ஐம்பது, செம்பாக்கத்தில் வாடகை வீடு. காலையில் ஏரிக்கரையில் நடந்தபடி பிணத்தை எங்கே போடலாம் என்று பார்க்கட்டும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எதிர் இருக்கைக்காரரை மனசுக்குள் இரண்டு விதமாகக் கொல்லட்டும். காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்து இன்ஸ்பெக்டரைக் கேள்வி கேட்கட்டும். வீட்டில் சமையல் யார் என்று அவர் திருப்பிக் கேட்டால், பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து அவர் மேஜைமேல் வைக்கட்டும்.