அபராதம்: கட்டுவதா? கேட்பதா?
(மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிக்கல் மாணவர் ஒருவர்)



சென்ற வருடம் ஒரு நாள் காலையில், நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த அப்பா செல்போனை என்னிடம் நீட்டினார். "என்னடா இது, படிச்சுச் சொல்லு." ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதற்கு 1,000 ரூபாய் அபராதம் என்று செய்தி! இடம், எங்கள் வண்டி ஒருநாளும் போயிராத ஒரு வெளியூர். எங்களுடையதோ பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருவதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கும்!

"கட்டித் தொலைச்சிருவோம். போலீசு, கோர்ட்டுன்னு நமக்கு எதுக்குடா?" என்றார் அப்பா. ஆயிரம் ரூபாய் என்பது அவருக்கு இரண்டு நாள் சம்பளம். நானும் கட்டத்தான் இருந்தேன். தடுத்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. "தம்பி, கட்டிட்டா நாந்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. முதல்ல போட்டோவப் பாத்தியா?"

பார்த்தேன். போட்டோவில் இருந்தது கியர் வைத்த பைக். நம்பரில் ஒரே ஒரு எண் வித்தியாசம். அங்கே 3, எங்களுக்கு 8. அந்த நேரத்தில் எங்கள் வண்டி மில் ஸ்டாண்டில் நின்றது!

அண்ணாச்சி சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் அதைத் திருத்தி அபராதங்களைக் கூட்டினார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகை நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட்டுக்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. ஆனால் இந்தச் சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி நாம் கட்டுவது கோர்ட் தீர்ப்பு அல்ல. கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளும் சமரசம். முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால், குற்றம் நடந்ததா என்று மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேமராவுக்கும் சட்டம் உண்டு. 2021-இல் வந்த 167ஏ விதி, குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது. வண்டி நம்பர் தெரியும் போட்டோ, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கேமரா வைத்த சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கேமரா சாட்சிதான், நீதிபதி ஆகிவிடாது.

ஆர்.சி. நகல், எங்கள் வண்டியின் போட்டோ, அப்பாவின் மில் வருகைச் சான்று மூன்றையும் வைத்து, ஈ-சலான் இணையதளத்தின் புகார் பகுதியில் எழுதினோம். தபாலிலும் ஒரு கடிதம் போட்டோம். சில வாரங்களில் அபராதம் ரத்து! இதற்காக இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி அண்ணாச்சியிடம் கடிதத்தைச் சரிபார்த்தேன். இரண்டு நாள் அட்டெண்டன்ஸ் போச்சு. தப்பே செய்யாதவன் தன் நிரபராதத்தை நிரூபிக்க இவ்வளவு அலைய வேண்டுமா? தாலுகாவுக்கு ஒரு இடத்தில், வாரம் ஒரு நாளாவது, தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் என்ன? போட்டோவைத் திறக்கத் தெரியாத எத்தனை அப்பாக்கள் பேசாமல் கட்டியிருப்பார்கள்!

ஒருவேளை வழக்கு கோர்ட்டுக்கே போனாலும் பயம் வேண்டாம். நம் மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மில் தொழிலாளி பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் நம் காலேஜில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி கதையின் மறுபக்கம். அடுத்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினேன். இந்த முறை ஆள் நானேதான்! கூட வந்த நண்பன், "எரநூறு ரூபா குடுத்துக் கேட்டுப் பார்றா" என்று காதில் சொன்னான். கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் அப்பாவுக்காக எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. பொய் அபராதத்தை எதிர்த்து நியாயம் கேட்டவன், மெய் அபராதத்துக்குக் குறுக்கு வழி தேடலாமா? 1,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கினேன். அந்த மாதம் முழுக்க டீ, வடை கிடையாது!

முதலாமாண்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது முடித்து வரும் உங்களுக்கு கியர் பைக் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். நீ பைக்கில் காட்டும் ஸ்டைலுக்கு உன் அப்பா கோர்ட் வாசலில் நிற்கணுமா, தம்பி?

நண்பர்களே! அபராதம் வந்தால் பயந்து கட்டாதீர்கள், கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். போட்டோவைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள். தப்பு அவர்களுடையதென்றால் எழுதிக் கேளுங்கள். தப்பு நம்முடையதென்றால் ரசீதோடு கட்டுங்கள். ரசீது இல்லாத காசு மட்டும் யார் கைக்கும் போக வேண்டாம்!

சிந்திப்போம்! ஹெல்மெட்டோடு செல்வோம்!