கண்டதை வரைக

கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையிற் பழைய மாணவர் பலர் தாம் ஆடிய மைதானத்தையும் வென்ற கேடயங்களையும் நினைவுகூர்வர். எமக்கோ போமலின் நாற்றமே முதலில் நினைவுக்கு வருகின்றது. உயிரியல் ஆய்கூடத்திற் பல்லாண்டு மாணவரோடு உழன்றவர்க்கு அது தவிர்க்கவொண்ணாதது.

ஆய்கூடத்து அநுபவங்கள் பல நகைப்புக்குரியன. வெட்டிச் சோதித்தற்கு ஆளுக்கொரு தேரை கொணருமாறு ஒருமுறை பணித்தோம். கடமையுணர்ச்சி மிக்க மாணவனொருவன் சாக்கு நிறையக் கொணர்ந்தான். சாக்கின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. அடுத்த வகுப்பிலே தேவாரம் ஓதிக்கொண்டிருந்த சிறுவர் பதிகத்தை இடையில் நிறுத்தி வாங்குகளின்மேல் ஏறினர். சமய ஆசிரியர் ஒரு வாரம் எம்மோடு பேசினாரல்லர். சைவ போசனமே உண்ணும் வீட்டுப் பிள்ளைகள் சிலர், தேரை அறுத்த நாளிலே கிணற்றடியில் தலைமுழுகிய பின்னரே அடுக்களைக்குள் விடப்பட்டனர் என்றும் அறிந்தோம். உடலினின்று பிரித்த பின்னும் தேரையின் இருதயம் துடிக்கக் கண்டு, "சேர், இது இன்னும் சாகேல்லை!" என்று அலறி ஓடியவனும் உளன். அவன் பின்னாளிற் சத்திரசிகிச்சை நிபுணனானான்.

ஆயினும் எம்மை இன்றளவும் உறுத்துவது வேறொரு நிகழ்ச்சி. வெங்காயத்தின் உட்டோலுக்கு அயடீன் இட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்கி வரையுமாறு கூறினோம். ஒருவன் செங்கல் அடுக்கினாற் போன்ற கலங்களையும் கருக்களையும் அழகுற வரைந்து பெயர்களும் குறித்திருந்தான். பத்துக்கு ஒன்பது புள்ளி வழங்கினோம். மற்றொருவன் தடித்த கரிய விளிம்புடைய வட்டமொன்றை மட்டும் வரைந்து, "இது யாதெனத் தெரியவில்லை" என எழுதியிருந்தான். அது வளிக்குமிழி. இரண்டு புள்ளி இட்டு, வகுப்பறியப் பரிகசித்தோம். பாடம் முடிந்து கருவிகளை அடுக்கும்போதுதான், முன்னவனுக்குக் கொடுத்த வழுக்கி பெட்டியை விட்டு வெளிவரவேயில்லை என்பதைக் கண்டோம். வினவியபோது, "புத்தகத்தில இருக்குத்தானே, சேர்" என்றான்.

நகைத்தோம், பின்னர் நாணினோம். காணாததை வரைந்தவனுக்குப் பரிசும், கண்டதை வரைந்தவனுக்குத் தண்டனையும் வழங்கியவர் யாமன்றோ?

இக்குறை பள்ளிச் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உளவென 1923 இல் பெயின்ரர் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நூல்கள் அவ்வெண்ணையே ஓதின. எண்ணிப் பார்த்த அறிஞரும் பலர் 48 என்றே கண்டனர். 1955 இன் இறுதியிற் சுவீடன் நாட்டு லுண்ட் நகரிலே தியோ, லெவான் என்னும் இருவர், கலங்களை நன்கு பரப்பி எண்ணும் முறையொன்றைக் கையாண்டபோது 46 மட்டுமே தோன்றின. நூல் கூறியதை விடுத்துத் தாம் கண்டதையே 1956 இல் வெளியிட்டனர்.

பரீட்சை நெருங்குகையில் ஆய்கூட நேரத்தைக் குறிப்பெழுத ஒதுக்குதல் நன்று என்பார் உளர். புத்தகப் படத்தைப் பிரதி செய்வதே நோக்கமாயின் அவர் கூற்று மெய்யே. அதற்கு ஆய்கூடம் எதற்கு? எமது கருத்து வேறு. செய்முறைக் கொப்பியின் இடப்பக்கத்திலே கண்டதையும், வலப்பக்கத்திலே நூல் கூறுவதையும் மாணவர் வரைக. இரண்டும் ஏன் வேறுபட்டன என்பதைக் கீழே எழுதுக. இடப்பக்கத்துக்கும் அவ்விளக்கத்துக்குமே ஆசிரியர் புள்ளி வழங்குக. குமிழி கண்டவன் குமிழியையே வரையட்டும்.

அந்தக் குமிழி மாணவர் இம்மலரைக் காண்பாராயின் ஒன்று கூறுவோம்: அவருக்கு யாம் தரவேண்டிய ஏழு புள்ளிகள் இன்னும் நிலுவையில் உள.