கண் அரிக்குதா? மொதல்ல வேலியைப் பாருங்க

வைகாசி முடிஞ்சு மேகாத்து எடுத்துட்டா நம்ம பக்கம் பாதிப்பேரு கண்ணைக் கசக்கிட்டேதான் திரியறோம். என்னன்னு கேட்டா, "சூடு புடிச்சிருச்சுங்க" என்பார்கள். சூடுன்னு சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்கறதில்லை. ஒரு எளநி, தலைக்கு எண்ணெய், ராத்திரி படுக்கப்போகும்போது கண்ணுல ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய். அதுக்கும் கேக்கலைன்னா மருந்துக்கடையில சொட்டு மருந்து. இத்தனை வைத்தியத்துலயும் இட்டேரி ரெண்டு பக்கமும் இடுப்பளவு நிக்கிற பார்த்தீனியத்தோட பேரு மட்டும் வராது.

எல்லாக் கண் அரிப்புக்கும் அதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா தோட்டங்காட்டுல வேலை செய்யறவருக்கு ரெண்டு இமையும் தடிச்சு, செவந்து, அரிச்சு, கூடவே கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்புலயும் நமைச்சல் இருந்தா, மொதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்தச் செடியைத்தான்.

பார்த்தீனியம் செடி முழுக்க நுண்ணிய ரோமம் இருக்கும். அதுல பார்த்தினின்னு ஒரு வேதிப்பொருள். செடியைத் தொட்டாத்தான் வரும்னு இல்லைங்க. காஞ்சு நொறுங்கி தூசாகிக் காத்துல பறக்கும். நம்ம உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல் இமைத்தோல், அதனால அங்கதான் மொதல்ல காட்டும். ஒரு தடவை உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் வருசக்கணக்குல விடாது. அதே குடும்பத்துச் சாமந்தியும் சூரியகாந்தியும்கூட சிலருக்கு ஒத்துக்காமப் போயிரும். பூ விவசாயம் பண்றவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும். கண்டுக்காம விட்டா இமையோட நிக்காது, முகம் கழுத்தெல்லாம் தோல் தடிச்சுக் கறுத்துப் போகும்.

இது நம்ம மண்ணுல பொறந்த செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1950-களின் நடுவில் புனே பக்கம் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. வெளிநாட்டுக் கோதுமையோட வந்துச்சுன்னு பெரியவங்க சொல்றதுண்டு. எப்பிடியோ வந்துருச்சு. ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல விதை போடும். மாடு கடிச்சா பாலு கசக்கும். 1984-ல் பெங்களூரு பக்கம் இதைத் தின்னுறதுக்குன்னே மெக்சிகோ வண்டைக் கொண்டாந்து விட்டாங்க. மழைக்காலத்துல நல்லாவே தின்னும். ஈரம் போயிட்டா அதுவும் மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கும். வண்டை நம்பி நாம சும்மா உக்காந்திருக்க முடியாது.

என் ஆதங்கம் வேற எடத்துல. இந்தச் செடியைப் புடுங்கறது யாரு? களையெடுக்க வர்ற பொம்பளையாளுகதான். வெறுங்கையில புடுங்கி, அதே கையில வேர்வையைத் தொடைச்சு, அதே முந்தானையில கண்ணைத் துடைச்சிட்டு வீட்டுக்குப் போறாங்க. மக்யாநாளு கண்ணு வீங்கி வேலைக்கு வரலைன்னா அவங்களுக்குக் கூலி போச்சு, நமக்கு "ஆளு கெடைக்கலை"ன்னு பொலம்பல். மருந்தடிக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ற நாம ஒரு சோடி கையுறை வாங்கிக் குடுக்க யோசிக்கிறோம். பார்த்தீனியம் புடுங்கச் சொன்னா கையுறையும், மூஞ்சியை மூடிக் கட்ட ஒரு துண்டும், வேலை முடிஞ்சதும் கை, முகம் கழுவ சோப்பும் தண்ணியும் குடுக்கறது தோட்டக்காரரோட கடமைன்னுதான் நான் சொல்லுவேன். கையுறை இல்லைன்னா பாலித்தீன் பையைக் கையில மாட்டியாவது புடுங்கலாம். நூறு நாள் வேலையில தடத்தோரம் சுத்தம் பண்றவங்களுக்கும் இதேதான்.

மருந்துக்கடை சொட்டு மருந்துக்கு வர்றேன். ரெண்டே நாள்ல செவப்பும் அரிப்பும் மாயமா மறையுதுன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கான்னு பாருங்க. டாக்டரு பார்த்து, இத்தனை நாளைக்குன்னு எழுதிக் குடுத்தா அது நல்ல மருந்து. பழைய பாட்டிலைக் காட்டி மாசக்கணக்குல வாங்கி ஊத்துனா கண் அழுத்தம் ஏறும், புரை விழும். அழுத்தம் ஏறுறது வலிக்காது, அதனால பார்வை போன பின்னாடிதான் தெரியும். கரும்புத் தோகையோ நெல்லு சுணையோ கண்ணுல கீறியிருந்தா ஆபத்து இன்னும் பெருசு. அந்தக் கீறல்ல பூஞ்சைக் காளான் புடிக்கும். அதுமேல ஸ்டீராய்டு விட்டா காளானுக்கு உரம் போட்ட கதைதான். வெளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கீறுன கண்ணுல வேண்டாங்க. கண் ஆஸ்பத்திரிக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? அவிநாசி ரோட்டுல அரவிந்த் ஆஸ்பத்திரி வந்தே 1997-லிருந்து இத்தனை வருசமாச்சு.

அரிப்பு இல்லாம, மண்ணு கொட்டுன மாதிரி உறுத்தலும் எரிச்சலும் பொழுதோட கூடுதுன்னா அது வேற, கண் வறட்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாடியைச் சுத்தற மாதிரியே நம்ம கண்ணுத் தண்ணியையும் உறிஞ்சிரும். வேடிக்கை என்னன்னா, வறண்ட கண்ணுலதான் தண்ணி தாரையா ஊத்தும். வண்டியில போறப்ப கண்ணாடி போடறது, இமையோரத்துல பொடுகு மாதிரி செதில் இருந்தா வெதுவெதுப்பான துணியில ஒத்தடம் குடுத்துத் துடைக்கறது, இதுக்கே பாதி கொறையும். அரிப்புக்குன்னு போடுற அலர்ஜி மாத்திரை சிலருக்குக் கண்ணை இன்னும் வறட்டும். அதையும் டாக்டருகிட்டச் சொல்லுங்க.

வருசா வருசம் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம்னு ஒண்ணு நடக்குது, ஜபல்பூர் களை ஆராய்ச்சி நிலையத்து ஏற்பாடு. நம்ம கணக்குக்கு ஆடிக் கடைசி, ஆவணி. பூ வைக்கறதுக்கு முன்னாடி, மழை பேஞ்சு மண்ணு ஈரமா இருக்கறப்ப வேரோட புடுங்கணும். பூத்த பின்னாடி வெட்டிப் போட்டா விதைதான் பரவும். காஞ்சதைக் கூட்டிப் பத்தவெச்சா தூசும் பொகையும் மறுபடி நம்ம மூஞ்சிக்கேதான் வரும்.

புடுங்குன எடத்தைச் சும்மா விட்டா மறுமழைக்கு அதே செடிதான் மொளைக்கும். ஆவாரை, தகரை, கொழுஞ்சி விதையைத் தூவி விடுங்க, அதுக பார்த்தீனியத்தை எந்திரிக்க விடாது. தைப்பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரம்பூ கெடைக்காம இப்ப சந்தையில காசு குடுத்து வாங்கறோம். எங்க இட்டேரியில தெக்குப் பக்கம் ஒரு நூறடிக்கு இந்த வருசம் ஆவாரை தூவலாம்னு இருக்கேன். பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் அவங்க பக்கம் தூவுனா தடம் முழுக்க ஆயிரும்.