சீருடைக்கு ஒரு நீதி, வகுப்பறைக்கு ஒரு நீதியா?



ஒரு நகரின் காவல்துறையில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டால், தெருவில் போகிறவரை அழைத்துச் சீருடை அணிவித்து, "மூன்று மாதம் சமாளியுங்கள்" என்று சொல்வார்களா? சொன்னால் நாம் பொறுத்துக்கொள்வோமா? பள்ளியில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை எடுத்துக்கொள்வோம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அந்நகரைச் சிதைத்தது. காவல்துறையும் சிதைந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் ஐந்து இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நகர மேயர் உதவி கேட்டார். மாநில ஆளுநர் 300 தேசியக் காவற்படையினரையும் 60 மாநிலக் காவலர்களையும் அனுப்பினார். வந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். புயலில் அழிந்து, ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளின் ரோந்துப் பணி தேசியக் காவற்படையினரிடம் தரப்பட்டது. ஊரையும் தெருவையும் நன்கறிந்த நகரக் காவலர்கள் மக்கள் வாழும் பகுதிகளுக்குத் திருப்பப்பட்டனர். கடினமான பணி அனுபவமுள்ளவருக்கு, எளிய பணி புதியவருக்கு. இதுவன்றோ முறை!

அண்டை நாடான சிங்கப்பூரில் தொண்டூழியக் காவற்படை 1946 முதல் இயங்கி வருகிறது. அதில் சேர்வோர் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே காவற்பணியும் ஆற்றுகின்றனர். முழுநேரக் காவலருக்குரிய அதே அதிகாரம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் பயிற்சிக்குப் பின்னரே பணி. பற்றாக்குறை வரும் முன்னரே ஆள் ஆயத்தமாக இருக்கிறார் என்பதே இதன் பொருள்.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். அரசுப் பணியிலுள்ள ஆசிரியைக்கு மகப்பேற்று விடுப்பு ஒரு முறைக்கு 90 நாள் வரை உண்டு. அது அவரது உரிமை. அதில் மறுபேச்சுக்கே இடமில்லை. ஆனால் 90 நாள் என்பது ஏறக்குறைய 13 வாரம். இந்த வெற்றிடம் திடீரென வருவதன்று. மாதக்கணக்கில் முன்னரே தெரிந்தது. பணி ஓய்வும் அப்படியே. புயல் சொல்லாமல் வரும். மகப்பேறு சொல்லிவிட்டுத்தான் வருகிறது!

இருந்தும் நடப்பது என்ன? மற்ற ஆசிரியர்களின் ஓய்வுப் பாடவேளைகள் பறிக்கப்படுகின்றன. 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளில் பறிப்பதற்கும் ஆளில்லை. இரண்டு வகுப்புகள் ஓர் அறையில் அமர்த்தப்படுகின்றன. தற்காலிக ஆசிரியர் வந்தாலும், பயிற்சியே பெறாத இளைஞரிடம் முதலாம் ஆண்டு ஒப்படைக்கப்படுவதுண்டு. உயிர்மெய் எழுத்துகளைக் கற்கும் பருவத்தில் 13 வாரத்தை இழந்த பிள்ளை, வாசிப்பில் எத்தனை ஆண்டு பின்தங்கும்?

"காவலர் கையில் துப்பாக்கி இருக்கிறது, தவறினால் உயிர் போகும்" என்பார் சிலர். உண்மைதான். ஆனால் வகுப்பறைத் தவறு ஓசையின்றி நிகழ்வதாலேயே யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2021இல் கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர்களை ஒரே தவணையில் நியமிக்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் அது நிரந்தரக் காலியிடத்திற்கான மருந்து. 90 நாள் வெற்றிடத்திற்கு அன்று.

தேவையானவை மூன்று:

1. ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் பயிற்சி பெற்ற மாற்றாசிரியர் பட்டியல். ஓய்வு பெற்றோரும், பணிக்குக் காத்திருக்கும் பயிற்சி பெற்ற பட்டதாரிகளும் அதில் இடம்பெறட்டும்.

2. விடுப்பு தொடங்கும் முன் ஒரு வாரமாவது இருவரும் ஒரே வகுப்பில் இருக்கும் ஏற்பாடு.

3. மாற்றாசிரியருக்குத் தொடக்க நிலை வகுப்புகளை ஒதுக்காமை. அங்கே பள்ளியின் அனுபவமிக்க ஆசிரியர் செல்லட்டும்.

அத்துடன் ஒரு முடிவு நாளும் வேண்டும். நியூ ஆர்லியன்ஸுக்கு 2006இல் வந்த தேசியக் காவற்படையினர் 2009இல்தான் திரும்பினர். முறையாகச் செய்த இடத்திலேயே 'தற்காலிகம்' மூன்றாண்டை நெருங்கியது என்றால், முறையே இல்லாத இடத்தில் என்னவாகும்?

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேசை நாற்காலி பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவ்வாண்டு எந்தெந்த ஆசிரியர் விடுப்பில் செல்கிறார்? அவர் இடத்தில் வருபவர் யார்? அவர் பயிற்சி பெற்றவரா?" ஆசிரியர்களே, அக்கேள்வியை நம்மீதான குற்றச்சாட்டாகக் கொள்ளாதீர். அது நமக்காகவும் கேட்கப்படும் கேள்வி.