மீன் தொட்டியும் பாசியும்



“தொட்டியில் பாசி பிடித்துவிட்டது” என்று வருந்துவோரை நாம் அறிவோம். அதே பாசியைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்போரும் இந்நகரில் உளர் என்றால் சிலர் நகைப்பர். குற்றம் நம் சொல்லில் இருக்கிறது. கண்ணாடியில் வழுவழுவென்று படிவதையும், தண்டும் சிற்றிலையும் உடைய ஒரு சிறு செடியையும் பாசி என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். முன்னது ஆல்கா, பின்னது மாஸ். முன்னது தொட்டிக்குப் பகை. பின்னதோ, என் கருத்தில், ஓரறைக் குடியிருப்பினர் வளர்ப்பதற்கு மிகவும் ஏற்ற நீர்ச்செடி.

1951-இல் மெரின் டிரைவில் திறக்கப்பட்ட தாராப்பூர்வாலா மீன் காட்சியகத்தைப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள், வீட்டிலும் ஒரு தொட்டி வேண்டுமென்று அடம்பிடித்தது நம் முந்தைய தலைமுறைக்குப் பழகிய கதை. தொட்டி வரும், செடியும் வரும், செடி மாதம் ஒன்றில் அழுகும். உரமண்ணும் நல்ல ஒளியும் கேட்கும் செடிகளைத் தாராவியின் தாழ்ந்த அறையிலும், உயர்ந்த கட்டிடங்களின் நிழலில் பகலிலும் விளக்கெரியும் செம்பூர் வீட்டிலும் எங்ஙனம் காப்பது? மாஸுக்கு உண்மையான வேர் இல்லை; நீரையும் உணவையும் இலைவழியே கொள்கிறது. ஆதலின் மண் வேண்டா. ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கே போதும்.

கடைகளில் எளிதில் கிடைப்பது ஜாவா மாஸ். நெடுங்காலம் இதனை வெசிகுலேரியா டூபியானா என்றே அழைத்து வந்தனர்; பின்னர் ஆராய்ந்தோர் இது டாக்ஸிஃபில்லம் பார்பியெரி என்று தெளிந்தனர். கடைக்காரருக்கு இக்கவலை ஏதும் இல்லை!

நடுவதற்குத் தேங்காய்ச் சிரட்டையே சாலும். பருப்பைச் சுரண்டி, இரண்டு மூன்று முறை கொதிக்க வைத்து, பக்கத்தில் ஒரு வாயில் வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். மேலே மாஸை மெல்லியதாகப் பரப்பிப் பருத்தி நூலால் சுற்றுங்கள். சில வாரங்களில் நூல் இற்றுப்போகும். அதற்குள் செடி தன் மயிரிழை போன்ற பற்றுகளால் சிரட்டையைப் பிடித்துக்கொள்ளும். தடிப்பாகப் பரப்பினால் அடிப்பகுதி ஒளியின்றி அழுகும். வளர்ந்தபின் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். நறுக்கிய துணுக்குகளை வலையால் அள்ளிவிடுங்கள். இல்லையேல் வடிகட்டியை அடைத்துவிடும்.

இதன் பெரும்பயன் வேறொன்று. கப்பி மீன் குட்டி போடும்; போட்ட குட்டியைத் தாயே விழுங்கவும் செய்யும். அதைக் கண்டு அழாத பிள்ளை உண்டோ? மாஸ் அடர்ந்த தொட்டியில் குட்டிகள் அதனுள் புகுந்து ஒளிகின்றன; அதன் இலைகளில் வாழும் நுண்ணுயிர்களைத் தின்றே சில நாள் வளர்கின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதைச் செய்யாது.

இனி, பகைப் பாசி. வெயில் விழும் சன்னலோரம், நாள் முழுதும் எரியும் விளக்கு, மிஞ்சிக் கிடக்கும் தீனி ஆகிய மூன்றும் அதனை அழைத்து வருவன. இழைப்பாசி மாஸுக்குள் பின்னிக்கொண்டால் பிரிப்பது அரிது. அப்பகுதியை வெட்டி எறிவதே நன்று. விளக்கை நாளொன்றுக்கு ஏழு மணிக்குமேல் எரிய விடாதீர்கள்.

மழைக்காலத்தில் சால் சுவர்களில் பச்சைப் பட்டாய் முளைப்பதைப் பெயர்த்துத் தொட்டியில் இடுவோரும் உண்டு. அது நிலத்து மாஸ். நீரில் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் அழுகி நீரையும் கெடுக்கும்.

மே மாத வெப்பம் மாஸுக்கு ஆகாது. மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாய்ப் போன நீருக்கு ஈடாக, ஒரு நாள் திறந்து வைத்த குழாய்நீரை ஊற்றுங்கள்; மாநகராட்சி நீரில் குளோரின் உண்டு.

கிராஃபோர்டு மார்க்கெட் மீன் கடைகளில் இச்செடி கிடைக்கும். விடுமுறைக்குச் சென்னை செல்வோர், வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலும் கேட்டு வாங்கலாம். அங்கிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். இருப்புப்பாதைப் பணியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈரத்துணியில் சுற்றிப் பையிலிட்டு வாய்கட்டினால் ஒரு பகலும் ஓரிரவும் வாடாது வரும், வெயில்படும் சன்னலோரத்தில் மட்டும் வைக்கலாகாது.