சீருடையில் யார் பெயர்?

ஓர் ஊரின் பிள்ளைகள் சீருடை அணிந்து மைதானத்தில் இறங்கும்பொழுது, அச்சீருடையிற் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் யாருடையது? இஃது அற்பக் கேள்வி என்று தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எவருடைய பெயரை நம் பிள்ளை தன் மார்பிலே சுமக்கின்றானோ, அவருக்கு ஊரே நன்றிக்கடன் பட்டதாகின்றது. ஆகவே, நமது நன்றியை யாரிடம் அடகு வைக்கின்றோம் என்பதே இங்கு எழும் வினா. ஊரின் மானத்தோடு ஒட்டிய வினா இது.

விசுவமடுவை எடுத்துக்கொள்வோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர். 1960களில், படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின் கீழ், இளைஞர்கள் காடு வெட்டிக் கமமாக்கிய மண். 1970களின் முற்பகுதியில், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், இம்மண்ணின் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பலரை நிமிரச் செய்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் முழுவதும் பெயர்ந்தது. எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். மீண்டவர்கள் தறப்பாள் கொட்டிலிலிருந்து வாழ்வைத் திரும்பத் தொடங்கினர். இளைஞர் கையினால் உருவான ஊர் அது. இளைஞர் கையினாலேயே மீண்டும் எழுந்து நிற்கும் ஊர் அது. அவ்வூரின் இளைஞர் அணிக்கு ஒரு பந்து வேண்டுமாயின், அவர்கள் யார் வாயிலிற் போய் நிற்பது?

கேட்பது பெருந்தொகையுமன்று. கரப்பந்தாட்டம் 1991 முதல் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. அதற்கு வேண்டியவை ஒரு வலை, இரண்டு பந்து, ஆறு பேர் நிற்க ஒரு துண்டு நிலம். உதைபந்தாட்ட அணியாயின் சீருடைகள், காலணிகள், வெளியூர்ப் போட்டிக்குப் போய்வர வாகனச் செலவு ஆகியவை வேண்டும். பகலெல்லாம் கூலிக்கு உழைக்கும் இளைஞன் மாலையிலே தன் கூலியிற் கிள்ளிப் போட்டுக் கழகத்தை நடத்துகின்றான். எத்தனை நாளைக்கு அவ்வாறு நடத்துவான்?

திறமை இல்லாத மண்ணன்று இது. 2022இல் கிக் பொக்சிங் போட்டியில் பாகிஸ்தான் சென்று தங்கப் பதக்கத்தோடு திரும்பிய கணேஷ் இந்துகாதேவி முல்லைத்தீவு மாவட்டத்தின் மகள். 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்களைப் பெற்ற அகிலத்திருநாயகி அம்மையார் முள்ளியவளையைச் சேர்ந்தவர். விளைவதற்கு மண் ஆயத்தமாகவே உள்ளது. நீர் பாய்ச்சுவது யார் என்பதே கேள்வி.

மூன்று வாயில்கள்

இன்று நமது கழகங்கள் தட்டும் வாயில்கள் மூன்று.

முதலாவது, படையினரின் வாயில். 2009க்குப் பின்னர் வன்னியிலே படையினர் போட்டிகளை நடத்தினர், உபகரணங்களையும் வழங்கினர். 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் விசுவமடுவில் நடந்ததை நாடே பார்த்தது. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்த ஒரு படையதிகாரி மாற்றலாகிச் சென்றபொழுது, மக்கள் அவருக்கு மாலையிட்டுத் தோளிலே தூக்கிக் கண்ணீர் மல்க வழியனுப்பினர். நமது மேடைப் பேச்சாளர்கள் திகைத்தனர். சிலர் அம்மக்களை ஏசவும் செய்தனர். நாம் கேட்கின்றோம்: அவ்வதிகாரியின் கீழ்ப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளம் பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கு அதற்கு முன் வேலை கொடுக்க முன்வந்த தமிழ்ச் செல்வர்கள் எத்தனை பேர்? கொடுத்த கைக்குத்தான் மாலை விழும். மாலை போட்டவனைப் பழிப்பதற்கு முன், கொடுக்காத கை தன்னைத் தானே நோக்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, அரசியல்வாதியின் வாயில். தேர்தல் வந்தாற் பந்தும் வரும். வாக்கு விழுந்தவுடன் பந்திற் காற்றுப் போய்விடும். சீருடையின் நிறமே கட்சியின் நிறமாகும். அரசியற் கை விளையாட்டுக்குள் நுழைந்தால் தண்டனை பெறுவது விளையாடுபவனே என்பதை 2023ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு இருமுறை கற்பித்தது. வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி அவ்வாண்டு தை மாதத்தில் பீஃபா இலங்கையின் உதைபந்தாட்டத்தை இடைநிறுத்தியது. அரச தலையீட்டைக் காரணங்காட்டிக் கார்த்திகையிலே சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இங்கு நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. தலைநகரத்துப் பெரிய சபைகளுக்கே இக்கதியெனில், ஒரு கிராமக் கழகம் எம்மாத்திரம்?

மூன்றாவது, கடல் கடந்த உறவினரின் வாயில். அவர்களுடைய அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவ்வன்பு இல்லையேல் வன்னியின் பல அடுப்புகள் எரிந்திரா. ஆயினும் அப்பணம் பெரும்பாலும் வருவது எதற்கு? காலஞ்சென்றவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு! ஒருநாட் போட்டி, ஒலிபெருக்கி, பந்தல், பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, ஆளுயரக் கிண்ணம். மறுநாள் மைதானத்திலே பந்து இல்லை. இறுதியாட்டத்துக்கு ஆயிரம் கை கொடுக்கும். பயிற்சி நடக்கும் முந்நூறு மாலைகளுக்குக் கொடுக்க ஒரு கை இல்லை. கிண்ணம் அலுமாரியில் இருக்கும். விளையாட்டு வீரன் மைதானத்தில் அல்லவோ இருக்க வேண்டும்?

பெருஞ்செல்வம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். 2020இல் ஆரம்பமான லங்கா பிரீமியர் லீக் தொடரில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிற் கிண்ணம் வென்றது. 2021இல் அவ்வணியை வாங்கிய லைக்கா நிறுவனத்தின் அதிபர் முல்லைத்தீவிற் பிறந்தவர். நமக்கு அதிற் பெருமையே. ஆனால், 2024 வரை நடந்த ஐந்து தொடர்களிலும் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. பெரு வணிகம் பெரு மைதானத்தையும் தொலைக்காட்சியையும் நோக்கிச் செல்லும். அஃது அதன் இயல்பு. விசுவமடுவின் கரப்பந்து வலை கிழிந்திருப்பது அதன் கண்ணிற் படாது. அதனைக் காணக்கூடியவர், நாள்தோறும் அவ்வழியே சென்று கடை திறக்கும் வர்த்தகர் ஒருவரே.

நான்காவது வாயில்

நாம் தட்டச் சொல்வது அந்த நான்காவது வாயிலையே. அரிசி ஆலை, பசளைக் கடை, இரும்புக் கடை, மரக்காலை, புடவைக் கடை, எரிபொருள் நிலையம் என நமது சந்திகளிலே நிற்பவை யாவும் கமக்காரனின் பணத்தில் நிற்பவை. நெல் விற்ற காசு மாலைக்குள் அந்தச் சந்திக்கே திரும்பி வருகின்றது. வந்த காசில் ஒரு துளி அவ்வூர்ப் பிள்ளைகளின் மைதானத்துக்குப் போனால் என்ன குறைந்துவிடும்?

“வியாபாரம் இல்லை” என்பார்கள். 2021இல் இரசாயனப் பசளைத் தடையால் விளைச்சல் விழுந்ததும், 2022இல் நாடே வங்குரோத்தானதும், அவற்றின் அடி கடைக்காரர் தலையிலும் விழுந்ததும் நாம் அறியாதவையல்ல. அதனாலேதான் ஒருவரே முழுச் சுமையையும் தாங்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சந்தியிலும் சுற்றிலுமுள்ள இருபது கடைகள் மாதம் ஆயிரம் ரூபா வீதம் ஒதுக்கினால், ஓராண்டில் 240,000 ரூபா சேரும். ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பாரமாகுமா?

அனுசரணை என்பது நமக்குப் புதியதுமன்று. கோயில் திருவிழாவிலே ‘உபயம்’ என்று நாம் வழங்குவது வேறென்ன? இன்ன நாட் பூசை இன்னார் உபயம் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்து, வறுமை வந்தாலும் கடன்பட்டாவது அந்நாளைத் தவறவிடாமற் செய்யும் மக்கள் நாம். மண்டபத்து மின்விளக்கிலே தம் பெயரை எழுதும் வர்த்தகர், ஒரு பிள்ளையின் சீருடையிலே எழுத ஏன் தயங்க வேண்டும்? கோயிலுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த உபயத்தின் ஒழுங்கை மைதானத்துக்கும் கொண்டு வாருங்கள் என்கிறோம். நாள் குறித்து, பெயர் குறித்து, ஆண்டுதோறும் தவறாமற் கொடுப்பதே அவ்வொழுங்கு.

உலகம் இவ்வழியே சென்றுள்ளது. 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போட் என்ற சிறு நகரத்தில் காள் ஸ்ரொற்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகப் பேஸ்போல் ஆட்டத்தைத் தொடங்கினார். அவரும் கடை கடையாக ஏறியிறங்கியே அனுசரணை தேடினார். கிடைத்தவை மூன்று பெயர்கள்: ஒரு பாற்பண்ணை, ஒரு மரக்காலை, ஒரு பலகாரக் கம்பனி. ஆனி 6ஆம் நாள் நடந்த முதலாட்டத்திலே மரக்காலை அணி பாற்பண்ணை அணியை 23க்கு 8 என வென்றது. அந்த மூன்று கடைகளின் சிறு தொகையில் முளைத்ததே இன்று உலகெங்கும் பல நாடுகளிற் பரவியிருக்கும் லிற்றில் லீக். நமது சந்தியில் மரக்காலை இல்லையா? பால் சேகரிப்பவர் இல்லையா?

1976 தை மாதத்திலே இங்கிலாந்தின் கெற்றரிங் நகரக் கழகம், உள்ளூர் ரயர்க் கடை ஒன்றின் பெயரைச் சீருடையிற் பொறித்து ஆடியது. பிரித்தானியாவில் அவ்வாறு ஆடிய முதற் கழகம் அதுவே. உதைபந்தாட்டச் சங்கம் அதனை அகற்றுமாறு கட்டளையிட்டது. அபராதம் விதிப்போம் என்று பயமுறுத்தியது. கழகம் பணிய நேர்ந்தது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே சங்கம் தன் விதியைத் தளர்த்தியது. இன்று உலகின் செல்வம் மிகுந்த கழகங்கள் கோடிக்கணக்கில் விற்கும் அந்த மார்புப் பட்டையிலே பிரித்தானியாவில் முதலில் ஏறியது ஒரு சிற்றூர் ரயர்க் கடையின் பெயர் என்பதை நமது கடைக்காரர்கள் நினைவிற் கொள்வார்களாக.

கழகங்களுக்கு ஒரு சொல்

வர்த்தகர்களை மட்டும் கண்டித்துவிட்டு ஓய்வது நீதியாகாது. போட்டிக்கு முதல்நாள் பத்துப் பேர் திரண்டுபோய்க் கடை வாசலில் நின்று, “அண்ணை, ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ” என்று கேட்பது அனுசரணை தேடுதலன்று, அது தண்டல். கொடுத்த பணம் என்னாயிற்று என்று கடைக்காரர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கழகம், மறுவருடம் அந்த வாசலை மிதிக்கத் தகுதியற்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர்.

ஆகவே கழகங்கள் செய்ய வேண்டியவை இவை. பருவம் தொடங்கும் முன்னரே, ஓராண்டுக்கான செலவைப் பந்து, வலை, சீருடை, பயணம் எனப் பிரித்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். பணத்தைத் தனியாள் கையில் வாங்காமற் கழகத்தின் வங்கிக் கணக்கில் இடச் செய்யுங்கள். கொடுப்பவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்: சீருடையிற் பெயர், மைதானத்திற் பலகை, ஆண்டிறுதியில் வரவு செலவு அறிக்கை. அவ்வறிக்கையைப் பொது இடத்தில் ஒட்டுங்கள், ஊரே படிக்கட்டும். பெண்களின் அணிக்கும் சம பங்கு ஒதுக்குங்கள். இந்துகாதேவியின் மாவட்டத்திலே பெண்பிள்ளைகள் பழைய பந்துக்குக் காத்திருப்பது வெட்கக்கேடு. அனுசரணையாளர் கழகத்தின் எசமானர் அல்லர் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அணியைத் தெரிவு செய்வது திறமையே. கடைக்காரரின் மருமகன் என்பதற்காக எவனும் ஆடவரக் கூடாது.

வேண்டாத பணமும் உண்டு. மதுபான, புகையிலை நிறுவனங்கள் விளையாட்டுக்கு அனுசரணை வழங்குவதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கின்றது. சட்டம் தடுக்காததையும் மானம் தடுக்க வேண்டும். நுண்கடனால் நமது பெண்கள் பட்ட துயரின் கொடுமையால், 2018இல் அரசே நிவாரணத் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தது. தாயைக் கடனில் அமிழ்த்தும் கடைக்காரனின் பெயரை மகன் மார்பிலே சுமப்பதா? ஒருபொழுதும் கூடாது.

தமிழ்ப் பெருமக்களே!

ஆசிரியர்களே, மருத்துவர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே! உங்களிடம் நாம் பணத்தைக் கேட்கவில்லை. ஒரு கழகத்தின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கையொப்பமிடுங்கள். கழகத்துக்கும் கடைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை எழுதிக் கொடுங்கள். உங்கள் கையொப்பம் இருக்குமிடத்திலே கடைக்காரரின் ஐயம் நீங்கும். பிறந்த ஊருக்குத் திருவிழாக் காலத்தில் மட்டும் வந்து போவதற்கா இத்தனை படிப்பும்?

உழவர் பெருமக்களே! உங்கள் நெல்லை வாங்கும் ஆலைக்காரரிடம், உங்களுக்குப் பசளை விற்கும் முதலாளியிடம், “எங்கள் பிள்ளைகளின் அணிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று நிமிர்ந்து நின்று கேளுங்கள். நீங்கள் அவருடைய வாடிக்கையாளர். கேட்க உரிமை உடையவர்கள். உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் இதனை எழுப்புங்கள். கொடுக்கும் கடைக்கு உங்கள் கொடுக்கல் வாங்கலைக் கொடுங்கள்.

மாலை நேரத்திலே வெறுங்கையோடு சந்தியில் நிற்கும் இளைஞனைத் தேடிப் போதைப்பொருள் விற்பவன் வருகின்றான். அவன் அனுசரணைக் கடிதம் கேட்பதில்லை, கணக்குக் கேட்பதில்லை, நாள் தவறுவதுமில்லை. அவன் வருமுன் அவ்விளைஞனின் கையிலே பந்து இருக்க வேண்டும். அந்தப் பந்தை வாங்கிக் கொடுத்தவர் நம் சந்தியிலே கடை வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் விசுவமடுவிலே ஒரு கடையின் பெயர் ஓர் அணியின் சீருடையில் ஏறட்டும். மற்றக் கடைகள் தாமே பின்தொடரும்.