உறையும் நீரும் பூட்டிய கணினி அறையும்

"நீர் 0 பாகை செல்சியசில் உறையும்" என்று கீழ் வகுப்பில் எழுதினோம். உயர்தரத்துக்கு வந்த பின்பும் அதையே எழுதுகின்றோம். ஆனால் தூசு எதுவும் கலவாத தூய நீரின் மிகச் சிறிய துளிகள் 0 பாகையில் உறைவதில்லை. மறை 10, மறை 20 என்று குளிர்ந்த பின்பும் அவை திரவமாகவே இருக்கும். ஏறத்தாழ மறை 38 பாகை வரை கூட அவற்றால் அப்படி இருக்க முடியும். உறைநிலைக்குக் கீழே சென்றும் உறையாத நீரைப் பற்றி 1724 ஆம் ஆண்டிலேயே பரனைற்று என்ற விஞ்ஞானி எழுதிவிட்டார். வெப்பநிலை அளவுத்திட்டத்தோடு அவரது பெயரை மனனம் செய்யும் நாம் இதை மட்டும் படிப்பதில்லை.

0 பாகை என்பது நீருக்கு உறைய அனுமதி கிடைக்கும் வெப்பநிலை. உறையத் தொடங்குவது வேறு விடயம். திரவத்துக்குள் முதலாவது பளிங்குத் துணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை ஆராயும் பகுதிக்குக் கருவாக்கம் என்று பெயர். இதை எமது வயதினரும் விளங்கிக்கொள்ளலாம், செய்தும் பார்க்கலாம் என்பது எனது உறுதியான கருத்து. அதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. பல பாடசாலைகளில் பூட்டியே கிடக்கும் கணினி அறையின் சாவி போதும்.

எங்கள் உம்மாமாருக்கு இந்தக் கருவாக்கம் புதியதல்ல. பெருநாள் பலகாரத்துக்குச் சீனிப்பாணி காய்ச்சும்போது சட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். ஓரத்திலிருந்து ஒரு மணி உள்ளே விழுந்தாலும் ஆறுகின்ற பாணி முழுவதும் மணல் மணலாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு மணிதான் கரு. பாணியில் சில துளி தேசிக்காய்ப் புளி விடுவதும் இதற்காகவே. புளியிலுள்ள அமிலம் சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கிறது. அவை இடையில் நிற்பதால் சீனி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை.

வெளியிலிருந்து மணி எதுவும் விழாவிட்டால் முதற்கரு எப்படி வரும்? திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் அசைகின்றன. தற்செயலாகச் சில சேர்ந்து பளிங்கு போல அடுங்குகின்றன. அப்படி அடுங்குவதால் கிடைக்கும் சக்தி இலாபம் அந்தத் துணுக்கின் கனவளவுக்கு ஏற்ப, அதாவது ஆரையின் கனத்துக்கு ஏற்பக் கூடும். ஆனால் துணுக்குக்கு ஒரு மேற்பரப்பு உண்டு. அதிலுள்ள மூலக்கூறுகளுக்கு எல்லாப் பக்கமும் சரியான அயல் இல்லை. ஆகவே மேற்பரப்பால் நட்டம் ஏற்படுகிறது. அது ஆரையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆரை சிறிதாக இருக்கும்போது நட்டமே பெரிது. எனவே துணுக்கு கரைந்து போகும். அவதி ஆரை என்ற எல்லையைத் தாண்டிய துணுக்கு மட்டும் வளர்ந்து முழுத் திரவத்தையும் பளிங்காக்கும். இணைந்த கணிதம் கற்கும் மாணவி ஒருத்தி இந்தக் கோவையை வகையிட்டு அவதி ஆரையைச் சில நிமிடங்களில் கண்டுவிடுவாள். தாக்க வேகத்தில் நாம் படிக்கும் ஏவற்சக்தியைப் போன்றதே இந்தத் தடையும்.

1870களில் கிப்ஸ் இட்ட அடித்தளத்தின் மேல், 1926 இல் வொல்மரும் வெபரும், 1935 இல் பெக்கரும் டோரிங்கும் இக்கொள்கையைக் கட்டியெழுப்பினார்கள். அழகான கொள்கைதான். ஆனால் அதில் ஒரு பலவீனம் உண்டு. நூறு மூலக்கூறுகள் கொண்ட துணுக்குக்கும் பெரிய பளிங்கின் தட்டையான முகத்துக்கும் ஒரே மேற்பரப்புச் சக்திதான் என்று அது எடுத்துக்கொள்கிறது. நூறு மூலக்கூறுகளில் எது உள்ளே, எது மேற்பரப்பில் என்று பிரிப்பதே கடினம்.

இந்தச் சிறிய சந்தேகம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். தடையின் உயரம் மேற்பரப்புச் சக்தியின் கனத்துக்கு விகிதசமன். கருவாகும் வேகமோ தடையோடு அடுக்குக்குறியாகக் குறைகிறது. தடை வெப்பச் சக்தியைப் போல 50 மடங்கு என்று கொள்வோம். மேற்பரப்புச் சக்தியில் 10 சதவீதம் கூடினால் தடை 66.5 மடங்காகும். அப்போது கருவாகும் வேகம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மடங்கு குறைந்துவிடும். பத்து வீத வித்தியாசத்துக்கு ஒன்றரைக் கோடி!

அதனால்தான் விஞ்ஞானிகள் கணினியை நாடினார்கள். மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகளைக் கணினிக்குக் கொடுத்து, அவை எப்படி அசையும் என்று படிப்படியாகக் கணித்துப் பார்ப்பதே போலச்செய்தல். இதிலும் சிரமம் உண்டு.  ஏறத்தாழப் பத்தின் மறை பதினைந்தாம் வலு செக்கனே ஒரு படி. செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைப் பார்ப்பதற்கே 100 கோடி படிகள் வேண்டும். கரு எப்போது தோன்றும் என்று யாருக்கும் தெரியாது. 2002 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 512 நீர் மூலக்கூறுகளை மட்டும் கணினியில் வைத்துக் காத்திருந்து, அவை பனிக்கட்டியாவதைக் கண்டார்கள். நீண்ட நேரம் நிலைத்த ஐதரசன் பிணைப்புகள் தற்செயலாக ஓரிடத்தில் கூடியபோதுதான் கரு பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஆவர், பிரெங்கல் என்ற இருவர் மிக எளிய கோளத் துணிக்கைகளுக்குக் கருவாகும் வேகத்தைக் கணித்தார்கள். பரிசோதனையில் அளந்த வேகத்தோடு அது பொருந்தவில்லை. வித்தியாசம் இரண்டு மூன்று மடங்கு அல்ல, பத்தின் பல வலுக்கள்.

எமது பாடநூல்களில் எல்லாம் முடிந்த விடைகளாகவே இருக்கின்றன. கொள்கை ஒன்று சொல்ல, கணினி வேறொன்று சொல்ல, பரிசோதனை இரண்டையும் மறுக்கின்ற இடத்தை நாம் காண்பதே இல்லை. விஞ்ஞானம் நடப்பது அந்த இடத்தில்தான். பதினேழு வயதில் அதை ஒரு தடவையாவது காணாதவள், விஞ்ஞானம் என்பது புள்ளித் திட்டத்தை மனனம் செய்வது என்றே நம்பிவிடுவாள்.

நாநாவின் பழைய மடிக்கணினியில் நான் சிறியதொரு போலச்செய்தலை எழுதிப் பார்த்தேன். ஐம்பதுக்கு ஐம்பது சதுரங்கள், வெள்ளை அல்லது கறுப்பு. அயற்சதுரங்கள் ஒரே நிறத்தில் இருப்பதை விரும்பும். கறுப்புக்குச் சிறிது சலுகை உண்டு. இதற்கு ஐசிங் மாதிரி என்று பெயர். எல்லாவற்றையும் வெள்ளையாக வைத்துத் தொடங்கினால் சிறு கறுப்புப் புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். நெடுநேரம் வேறொன்றும் நடக்காது. பிறகு ஒரு கூட்டம் அவதி அளவைத் தாண்டிவிடும். திரை முழுவதும் கறுப்பாகும். அதே நிபந்தனையில் மீண்டும் ஓட்டினால் காத்திருக்கும் நேரம் மாறிவிடும். இந்த நிரல் ஐம்பது வரிகளுக்கு மேற்படாது. மென்பொருள் இலவசம்.

எந்தச் சதுரம் நிறம் மாறலாம் என்று தீர்மானிக்கும் விதி 1953 இல் வெளியானது. அதை முதன்முதலில் கணினியில் எழுதி இயக்கியவர் ஆரியானா ரோசன்புளூத் என்ற பெண் பௌதிகவியலாளர். விதியோ மெற்றோபொலிஸ் என்ற ஆணின் பெயரால் அழைக்கப்படுகிறது. கணினி பெண் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

"மகள், சோதனைக்கு வாராததப் படிச்சி என்ன செய்யப் போறீங்க?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இசற் புள்ளியில் தசமங்கள் எமது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் மேலே சொன்னவற்றில் மேற்பரப்புச் சக்தியும் ஏவற்சக்தியும் வகையிடலும் ஐதரசன் பிணைப்பும் சோதனைக்கு வருபவையே. தனித்தனி அலகுகளில் கிடப்பவற்றை இந்த ஒரு விடயம் சேர்த்துவைக்கிறது. சேர்த்து விளங்கியது இலகுவில் மறக்காது.

போலச்செய்தல் பரிசோதனைக்கு ஈடாகாது என்று ஆசிரியர்கள் சொல்வதும் உண்மை. கணினிக்குள் இருக்கும் நீர், நாம் கொடுத்த விசைகளின் அளவுக்குத்தான் நீர். ஆகையால் ஆய்வுகூடத்தை மூடிவிட்டுக் கணினி அறையைத் திறக்கும்படி நான் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும்.

பெற்றோரின் மற்றைய அச்சம் இணையம். இதற்கு இணையமே தேவையில்லை. மென்பொருளை ஒரு தடவை நிறுவிவிட்டால் போதும்.

நான் கேட்பது சிறியது. வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்ட பின் இரண்டு மணித்தியாலம், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில் கணினி அறை விஞ்ஞான, கணிதப் பிரிவு மாணவிகளுக்குத் திறக்கப்பட வேண்டும். பழைய மாணவிகளில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மாதம் ஒரு தடவை வந்து உதவலாம். அந்த நேரத்துக்குப் பிள்ளையை அனுப்பவும், பிந்தி வந்து அழைத்துச் செல்லவும் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். கணினிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை பழுதாகிப் போவதற்கு முன் எங்களைப் பாவிக்க விடுங்கள்.